சவுரியம்மாள் முகத்து மங்கு

சவுரியம்மாளுக்குக் கைராசி உண்டு என்று ஆம்பூரில் சொல்லாதவர்கள் கிடையாது. அவளுக்கு முகராசி இல்லை என்று பிற்பாடு சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். கை ஒருத்தியுடையது, முகம் வேறொருத்தியுடையது என்பதுபோல ஊர் இரண்டையும் பிரித்துப் பேசியது. ஊருக்கென்ன, நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும்.

தாது வருஷத்துப் பஞ்சம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். அம்மா மருத்துவச்சி. கல்யாணமாகி வந்தபோது சீதனம் என்று அவள் கொண்டுவந்தது அந்தத் தொழில் ஒன்றைத்தான். புருஷன் ஆரோக்கியசாமி தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலையாள். நல்ல மனுஷன். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் விரல்கள் வெந்து போயிருக்கும், பட்டைத் தூள் நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காது. அதனால் பாதி நாள் ஷாப்புக்குப் போவான், பாதி நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவன் உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் அடுப்பு எரிந்தது இவள் கையால்தான்.

மருத்துவச்சி என்றால் கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து பிள்ளையை வாங்குகிறவள் என்று நினைக்கிறோம். அது கடைசி வேலை. அதற்கு முன்னால் நடை இருக்கிறது. பாலாற்று மணலில் நடை, கரையோரம் ஊர் ஊராக நடை, வலி வந்தது பொய் வலி என்று தெரிந்து திரும்பி நடை, வீட்டுக்கு வந்து உலை வைத்ததும் நிஜ வலி என்று ஆள் வர மறுபடி அதே வழியில் நடை. சித்திரை வெயில், வைகாசி வெயில் எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. களைப்பு என்று ஒரு நாள் சொன்னால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். அதனால் அவள் சொல்வதில்லை. ஆனால் களைத்திருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் நிமிர்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, எங்கே இடம் கிடைத்தாலும் சாய்ந்துகொள்வாள்.

கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு முகத்தில் மங்கு விழுந்தது. இரண்டு கன்னத்திலும், மூக்குத் தண்டிலும், நெற்றி ஓரத்திலும் கருந்திட்டாகப் படர்ந்தது. வலிக்காது, அரிக்காது. நாலு பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருகிற ஒன்றுதான். வேறு யாருக்காவது வந்திருந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டிருப்பார்கள். இவள் பிரசவம் பார்க்கிறவள். உலகத்துக்கு வருகிற குழந்தை முதன்முதலில் யார் முகத்தில் முழிக்கிறது? இவள் முகத்தில்தானே.

காலையில் எழுந்து கெட்ட முகத்தில் முழித்தால் அன்றைய பொழுது போயிற்று என்று நம்புகிற ஊர். பிறந்ததும் முழிக்கிற முகம் மங்கு விழுந்ததாக இருந்தால் அந்த ஆயுசு முழுவதும் என்ன ஆகும்? இப்படி யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி யோசித்தாள். அவ்வளவுதான். அப்புறம் யோசிக்க யாருக்கும் சிரமம் இல்லாமல் போயிற்று.

சவுரியம்மாளும் அப்படித்தான் யோசித்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர் மூடம், அவள் ஒருத்தி விவரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளும் காலையில் கண்ணைத் திறந்ததும் சிலுவையைத் தேடி அதன் மேல்தான் முழிப்பாள்.

வைத்தியம் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போடு என்றார்கள், போட்டாள். கஸ்தூரி மஞ்சள் என்றார்கள், பூசினாள். குப்பைமேனிச் சாறு முகத்தை வேகவைத்தது. பிறகு பஜாரில் மக்பூல் அகமது கடையில் சின்ன டப்பாவில் ஒரு வெள்ளைக் களிம்பு வந்தது. பட்டணத்துச் சரக்கு. அதைத் தடவினால் முதல் வாரம் எரிந்தது, இரண்டாம் வாரம் தோல் உரிந்தது, மூன்றாம் வாரம் உரித்த முட்டை மாதிரி முகம் வெளுத்தது. அந்த ஒரு மாதம் அவளைக் கூப்பிடாத வீடில்லை. டப்பா தீர்ந்தது. மங்கு திரும்பி வந்தது, போனதைவிடக் கறுப்பாக.

மக்பூல் அகமது நல்ல வியாபாரி. “வெயில்ல திரிஞ்சா மருந்து இன்னா பண்ணும் சவுரிம்மா? இன்னொரு டப்பா எடுத்துக்கினு போ” என்றான்.

இன்னொன்றும் போட்டாள். இந்த முறை உரிந்ததோடு ஈறு வீங்கியது, வாயில் தகரச் சுவை தட்டியது. பயந்துபோய் தரும ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாளரத்துக்கு வெளியே எறிந்தாள். பக்கத்தில் நின்ற தாதியிடம் ஏதோ சொன்னாள். தாதி தமிழில் சொன்னாள்: “ஈறு வீங்கினது அந்தக் களிம்புல இருக்கிற பாதரசத்தாலயாம். மங்கு வியாதியே இல்லியாம். பயப்படாதே. வெயில்ல மட்டும் போவக் கூடாதாம், நிழல்லயே இருந்தா கம்மியாவும்.”

நல்ல புத்திதான், பொய்யில்லை. ஆனால் பிள்ளைகள் நிழல் பார்த்தா பிறக்கின்றன? சவுரியம்மாள் கும்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் அப்துல் வஹீத் சாயபு வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆரோக்கியசாமி வேலை செய்யும் தோல் ஷாப்புக்கு முதலாளி அவர். அவர் பெண்சாதி நசீமுன்னிசா பெற்ற பிள்ளைகள் எல்லாம் சவுரியம்மாள் கையில் விழுந்தவர்கள். இப்போது மருமகள் ஷரீபா உண்டாகியிருந்தாள். தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில், பேரணாம்பட்டில் பிறந்து மூச்சு விடாமலே போய்விட்டது. அதனால் இந்தப் பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருந்தாள்.

நசீமுன்னிசா கெட்டவள் இல்லை. சவுரியம்மாளை உட்கார வைத்து, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, வெகு நேரம் வேறு எதையோ பேசினாள். பிறகு சொன்னாள்:

“சவுரி, உன் கை மாதிரி கை இந்த ஊர்ல இல்ல. அதுல எனக்கு சந்தேகம் கிடையாது.”

“சொல்லுங்க பீபிம்மா.”

“முகம்தான்... ஏற்கனவே ஒண்ணு போச்சு. பொண்ணு பயந்துக்கினு கெடக்குறா. நீயே சொல்லு, நான் இன்னா செய்யட்டும்?”

சவுரியம்மாள் முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்தால் போகிற கறையா?

“இன்னும் நாள் இருக்குது. இன்னாவாச்சும் போட்டு சரி பண்ணிக்கோ. இல்லாட்டி வாணியம்பாடியிலேர்ந்து அந்த மருத்துவச்சி ஜெயம்மாளை வரவழைக்கிறேன்னு எங்க நாத்தனார் ஒத்தக்கால்ல நிக்கிறா. எனக்கு மனசில்ல.”

அந்த வீட்டில் ஜெயம்மாள் கால் வைத்தால் அந்தத் தெருவில் வைத்த மாதிரி. அந்தத் தெரு போனால் ஊர் போன மாதிரி. சவுரியம்மாளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவள் பொழுது சாயும்வரை எழவில்லை. “எனக்கு அலுத்துப் போச்சுய்யா” என்று புருஷனிடம் முதல் தடவையாகச் சொன்னாள். ஆரோக்கியசாமி இருமினான்.

ஒரு நாள் களியைத் தின்றுகொண்டே அவன் ஷாப்புக் கதை சொன்னான். ஆவாரம்பட்டையில் பதமான தோலை வெயிலில் போட்டால் சிவந்து கறுத்துவிடும். அப்படிப் போகாமல் இருக்க, பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கடுக்காய் குடித்த தோல் வெளுத்து, இளம் மஞ்சளாக நிற்கும், எத்தனை வெயில் பட்டாலும் நிறம் மாறாது. சீமைக்காரன் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறான். அன்றைக்குப் புதிதாக வந்தவன் எவனோ கடுக்காயில் போடாமலே காயப் போட்டு ஒரு கட்டுத் தோலைக் கெடுத்துவிட்டான்.

சவுரியம்மாள் கையிலிருந்த களி கையிலேயே நின்றது.

“வெயில் பட்டாலும் கறுக்காதா?”

“கறுக்காது.”

“எனக்குக் கொஞ்சம் கொண்டாய்யா.”

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தான். “அது செத்த தோலு. உன் மூஞ்சி உசுரு இருக்கிற தோலு.”

“செத்ததுக்கே அவ்ளோ செய்யுதுன்னா, உசுரு இருக்கிறதுக்கு இன்னும் ஜாஸ்தி செய்யாதா?”

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? தோல் ஷாப்பு ஊரில், தோலை நம்பியே வயிறு வளர்க்கிற வீட்டில், இப்படி ஒரு யோசனை வராமல் இருந்தால்தான் அதிசயம். மறுநாள் ஒரு மண்கலயத்தில் கடுக்காய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

போட்டுப் பார்த்தாள். தோல் இறுகியது. இரண்டு மூன்று நாளில் திட்டுகள் ஓரத்தில் மங்கினாற்போல் தெரிந்தது. மங்கியதோ, மங்க வேண்டும் என்ற ஆசையோ, ரசம் போன அந்தக் கண்ணாடியில் யார் கண்டது. ஆரோக்கியசாமியும் “ஆமா, கம்மியாத்தான் இருக்குது” என்றான். அவள் அன்றைக்குப் பாட்டு முனகிக்கொண்டே பாத்திரம் துலக்கியதை அவன் கேட்டான்.

ஒரே ஒரு குறை. தண்ணீராக இருந்ததால் முகத்தில் நிற்காமல் கழுத்துக்கு வழிந்தது. ஷரீபாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழம்பாகக் காய்ச்சிப் பூசிவிட்டால் இரவெல்லாம் முகத்திலேயே ஊறும், சீக்கிரம் வேலை செய்யும் என்று கணக்குப் போட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து கிளறுகிற இரும்புச் சட்டி வீட்டில் இருந்தது. ஆரோக்கியசாமி ஷாப்பிலிருந்து வருமுன், விளக்கு வைக்கிற நேரத்தில், அதில் ஊற்றிக் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்தாள். சட்டியே கறுப்பு. உள்ளே இருந்தது என்ன நிறம் என்று அந்தப் புகையில் எங்கே தெரியும். தெரிந்திருந்தாலும் மருந்து கறுப்பாகத்தான் இருக்கும் என்றிருப்பாள். அப்பிக்கொண்டு, மேலே வாழை இலையைச் சுற்றிக் கட்டிப் படுத்தாள்.

விடிந்து இலையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். ஆரோக்கியசாமி திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். திட்டு இருந்த இடம், இல்லாத இடம் என்ற பேதம் இல்லை. நெற்றி முதல் மோவாய் வரை மை பூசின மாதிரி நீலக் கறுப்பு.

“எதுல காய்ச்சினே?”

அவள் அடுப்பு மேலிருந்த சட்டியைக் காட்டினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“கடுக்காய்ல இரும்பு படவே கூடாதுடி. ஷாப்புல இரும்பு வாளியக் கூட அந்தத் தொட்டிக்கிட்ட கொண்டாற உட மாட்டாங்க. ஒரு ஆணி உளுந்தா தோலு பூரா மசியாயிடும். புதுசா வர்ற ஆளுக்கு மொத நாளே சொல்றது அது.” சட்டியை எட்டிப் பார்த்தான். “உனக்குச் சொல்லலியே. எனக்குத் தோணவே இல்லியே.”

எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கி வந்து, தானே உட்கார்ந்து தேய்த்தான். எரிச்சல் தாங்காமல் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கண்ணிலும் வழிந்தது, அவனுக்கு எரிச்சல் எதுவும் இல்லை. கொஞ்சம் வெளிறி, சாம்பல் கறுப்பாக நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

இன்னொரு பழத்தை அறுக்கும்போது வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. சாயபு வீட்டு வண்டிக்காரன் பெருமாள். “அக்கா, சின்ன பீபிக்கு வலி எடுத்துடுச்சு. நீர்க்கொடம் ஒடஞ்சி போச்சாம். சீக்கிரம் வா.”

நாள் இன்னும் இருந்தது. பிள்ளை முந்திக்கொண்டுவிட்டது.

“வாணியம்பாடிக்குச் சொல்லி அனுப்பலியா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டாள்.

“ஆள் போயிருக்குது. ரயில் புடிச்சி அவங்க வர்றதுக்குள்ள இன்னா ஆவுமோ. பெரிய பீபிம்மா உன்னையும் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க.”

உன்னையும். சவுரியம்மாள் அந்த ‘யும்’மைக் கேட்டாள். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. பிறகு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி, வண்டியில் ஏறினாள்.

பிரசவ அறை வாசலில் நசீமுன்னிசா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஷரீபா கத்துவது கேட்டது. நசீமுன்னிசா ஒரு பழைய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

“கண்ணுக்குக் கீழ கட்டிக்கோ. புள்ளை வந்ததும் உன் பக்கம் திருப்பாதே. நேரா எங்கிட்ட குடுத்துடு. மொத மொதல்ல என் முகத்துல முழிக்கட்டும். சம்மதமா?”

“சம்மதம் பீபிம்மா.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் தன்னைத் திருப்பி அனுப்பவில்லையே என்றுதான் பட்டது. துணியை இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரசவம் சுலபமாக இல்லை. வெயில் ஏறி, உச்சிக்கு வந்து, சாய ஆரம்பித்தது. ஜெயம்மாளைக் காணோம். ஷரீபா சவுரியம்மாள் தோளைப் பற்றியிருந்த இடமெல்லாம் நகம் பதிந்தது. “இன்னும் கொஞ்சம் கண்ணு, இன்னும் ஒரே தரம்” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. துணிக்குள் வியர்வை வழிந்து மூச்சு முட்டியது. தலை வந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. விரலை நுழைத்துக் கொடியைத் தளர்த்தி எடுத்தாள். பிள்ளை வழுக்கி வந்து கையில் விழுந்தது. ஆண்பிள்ளை. நீலமாக இருந்தது. அழவில்லை.

நசீமுன்னிசா கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

பேரணாம்பட்டில் நடந்ததுதான் இங்கேயும். அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் ஒரே சமயத்தில் அது தெரிந்தது. ஷரீபா, “ஏன் அழல? ஏன் அழல?” என்றாள்.

சவுரியம்மாள் பிள்ளையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். வாயில் விரல் விட்டுக் கோழையை எடுத்தாள். ஒன்றும் இல்லை. பிள்ளையைத் தன் பக்கம் திருப்பினாள். துணியோடு ஊத முடியாது. துணியை ஒரே இழுப்பாகக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அந்தச் சின்ன வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் கவ்வி, மெல்ல ஊதினாள். எடுத்தாள். மறுபடி ஊதினாள். யாரும் தடுக்கவில்லை. ஊதினாள்.

பிள்ளையின் மார்பு ஒரு தடவை விம்மியது. பிறகு வெடித்து அழுதது. அழுத முகம் சிவந்துகொண்டே வந்தது. அழுகைக்கு நடுவே கண்ணைத் திறந்தது. ஒரு சாண் தூரத்தில் சவுரியம்மாள் முகம் இருந்தது, சாம்பலும் கறுப்புமாக, எலுமிச்சை எரித்த புண்ணோடு. பிள்ளை அதையே பார்த்தது. அவளும் ஒரு கணம் எல்லாம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. துணியை மேலே இழுத்துக்கொண்டு பிள்ளையை நசீமுன்னிசாவிடம் கொடுத்தாள்.

நசீமுன்னிசா பேரனைத் துண்டில் வாங்கினாள், அழுதாள், அதன் தலையை முகர்ந்தாள். வெளியே கூடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள், நாத்தனார்க்காரி முன்னால் நின்றாள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல சாயபு காத்திருந்தார். நசீமுன்னிசா வாசற்படியில் நின்று சொன்னாள்:

“ஆம்பளப் புள்ளை. மொத மொதல்ல என் முகத்துலதான் முழிச்சான்.” பிறகு உள்ளே திரும்பி, “இல்ல சவுரி?” என்றாள்.

கூடம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

“ஆமா பீபிம்மா” என்றாள் சவுரியம்மாள்.

அந்தத் தெருவில் அதற்கப்புறமும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஜெயம்மாள் சாயங்கால ரயிலில் வந்து, சோறு தின்றுவிட்டு, மறுநாள் திரும்பிப் போனாள். கறுப்பு பத்து பதினைந்து நாளில் தோலோடு உரிந்து போயிற்று, கீழே மங்கு பழையபடி இருந்தது. பிறகு அவள் முகத்தில் எதையும் பூசவில்லை. சாகும்வரை, ஒவ்வொரு பிரசவத்துக்கும், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போனாள். யாரும் கட்டச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு நசீமுன்னிசா பிள்ளையோடு கூடத்துக்குப் போனபின் அறையில் ஷரீபாவும் அவளும்தான் இருந்தார்கள். சவுரியம்மாள் நஞ்சுக்கொடியை மண்சட்டியில் போட்டு மூடிவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து ஷரீபாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷரீபா கண்ணை மூடியபடியே சொன்னாள்:

“மாமி சொல்றது பொய். நான் பார்த்துக்கினுதான் இருந்தேன் சவுரிம்மா. எம் புள்ள உன் முகத்துலதான் முழிச்சான்.”

சவுரியம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். வாசல் பக்கம் திரும்பி, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஷரீபாவின் வாயைத் தன் ஈரக் கையால் மெல்லப் பொத்தினாள்.

“வெளிய சொல்லிடாதே கண்ணு” என்றாள். “புள்ளைக்கு ஆவாது.”